விண்டோஸ் 98 கணினியில் நிரல்கள் பாதியில் விழுகின்றனவா? மலையூர் அலுவலகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பச்சை இலைக் கணக்கை ஃபாக்ஸ்புரோவில் வைத்திருக்கும் தேயிலைத் தொழிற்சாலை, கல்யாணப் பத்திரிகையைப் பேஜ்மேக்கரில் அடிக்கும் அச்சகம், எடைமேடை அறை, பள்ளிக்கூட லேப். குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இப்படி ஓர் இடத்தில், விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினி ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கலாம். அதில் நிரல்கள் அடிக்கடி பாதியில் நின்றுபோகின்றன என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இதில் சொல்வதில் பெரும்பகுதி விண்டோஸ் 95-க்கும் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். திரையில் வரும் பிழைச்செய்தி எந்த நிரல் விழுந்தது என்று சொல்லும். எது அதைத் தள்ளியது என்று பெரும்பாலும் சொல்லாது. விண்டோஸ் 98-இல் கெர்னல், யூசர், ஜிடிஐ ஆகிய அடிப்படைக் கோப்புகள் எல்லா நிரல்களும் எட்டக்கூடிய பொதுவான நினைவகப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மோசமான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) அங்கே தவறாக எதையாவது எழுதிவிட்டுப் போனால், பத்து நிமிடம் கழித்து வேர்டு விழும். உடனே வேர்டை அழித்து மறுபடி நிறுவுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்று சொல்பவரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் கணினியின் டிஸ்ப்ளே கார்டுக்கும் சவுண்ட் கார்டுக்கும் உரிய டிரைவர் ஃப்ளாப்பிகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. நிறுவல் சிடி மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கலாம். தமிழ் எழுத்துருத் தொகுப்பு, பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டோடுதான் வேலை செய்யும். அழிப்பது ஒரு மணி நேர வேலை. திரும்பக் கொண்டுவருவது நடக்காமலே போகலாம்.

முதல் வேலை: பதிவு எடுப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நிரல் விழுந்ததும் 'இல்லீகல் ஆப்பரேஷன்' என்று ஒரு பெட்டி வரும். அவசரப்பட்டு 'க்ளோஸ்' அழுத்தாமல் 'டீடெயில்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். முதல் வரியில் விழுந்த நிரலின் பெயர், பிழையின் வகை, எந்த மாட்யூல் (பிழை நடந்த நிரல் கோப்பு), நினைவகத்தில் எந்த முகவரி என்று வரிசையாக இருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நேரம், கணினி போட்டு எத்தனை நிமிடம் ஆனது, என்னென்ன நிரல்கள் திறந்திருந்தன, வெளியே மழையா மூடுபனியா, மின்சாரம் லைனிலா யூபிஎஸ்ஸிலா என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி இரண்டும் சமவெளியில் அவ்வளவு முக்கியமில்லை, மலையில் முக்கியம்.

நீலத்திரை வந்தால் 'ஃபேட்டல் எக்ஸெப்ஷன்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பூஜ்யமும் ஈ எழுத்தும் சேர்ந்து வந்தால் அது பேஜ் ஃபால்ட்; பூஜ்யமும் டி எழுத்தும் வந்தால் ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட். அடுத்து வரும் 0028 என்பது நீலத்திரைகளில் வழக்கமாக வருவது, அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பின் 'விஎக்ஸ்டி' (VxD, விண்டோஸின் ஒருவகை டிரைவர்) என்ற சொல்லை அடுத்து வரும் பெயரே உங்களுக்கு வேண்டியது. ஐஓஎஸ் என்றால் டிஸ்க் பக்கம், என்டிஐஎஸ் என்றால் நெட்வொர்க் கார்டு பக்கம் தேடத் தொடங்கலாம்.

டாக்டர் வாட்சன் என்ற கருவி விண்டோஸ் 98-உடனேயே வருகிறது, ஆனால் தானாக ஓடாது. விண்டோஸ் கோப்புறையில் அதைக் கண்டுபிடித்து, அதன் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டுவிட்டால், நிரல் விழும் தருணத்தில் நினைவகத்தில் என்னென்ன இருந்தன என்பதைச் சேமித்துவைக்கும்.

ஐந்தாறு பதிவு சேர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாட்யூல், ஒரே முகவரி என்று திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு மென்பொருளில் இருக்கிறது. ஒருநாள் கெர்னல், ஒருநாள் எக்ஸ்ப்ளோரர், ஒருநாள் பேஜ்மேக்கர் என்று முகவரியும் இடமும் மாறிக்கொண்டே இருந்தால் ராம், மின்சாரம், சூடு இவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸை மூன்று முறை மறுநிறுவல் செய்தும் தீராத கணினிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஈரம், மின்சாரம், ராம்

இடம் மாறி மாறி விழும் கணினிக்கு இதுதான் பகுதி. காலையில் முதல் அரைமணி நேரம் மட்டும் தொல்லை, சூடானதும் சரியாக ஓடுகிறது என்றால் இணைப்புகளில் ஈரமும் களிம்பும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் இது கூடும். தேயிலைத் தொழிற்சாலையில் இன்னொரு சங்கடமும் உண்டு: சலிக்கும் அறையிலிருந்து வரும் நாரும் தூளும் ஃபேன் வழியாக உள்ளே போய்ப் படியும். தேயிலைத் தூள் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அது படிந்த மதர்போர்டு காய்வதே இல்லை.

செய்யவேண்டியது இது. கணினியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் சேரும். ராம் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, விளிம்பில் உள்ள தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சாலோ, மென்மையான பென்சில் ரப்பராலோ துடையுங்கள். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. பத்து நிமிடம் காயவிட்டு, இரண்டு பக்கப் பிடியும் தானாகப் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்திச் செருகுங்கள். டிஸ்ப்ளே கார்டு, மற்ற கார்டுகள், ஹார்ட் டிஸ்கை இணைக்கும் ஐடிஇ கேபிள் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு ராம் துண்டுக்காகக் கீழே கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ இறங்குவதற்கு முன் இந்த அரைமணி நேரத்தைச் செலவிடுங்கள்.

இதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரலை ஓட்டுங்கள். அதன் பழைய பதிப்புகள் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும். ஒரு முழுச் சுற்றாவது முடிய வேண்டும். ராத்திரி முழுக்க ஓடவிடுவது நல்லது. சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டும் வைத்துச் சோதித்தால் எது கெட்டது என்பது தெரிந்துவிடும். கணினி தொடங்கும்போது, நினைவகத்தைக் கவனிக்கும் ஹைமெம் கோப்பு 'அன்ரிலையபிள்' நினைவகம் என்று எச்சரித்தால், சோதனைக்கு முன்பே ராம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

மின்சாரத்தை மல்டிமீட்டரில் பாருங்கள். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் நாலு கம்பிப் பிளக்கில் கறுப்பு தரை, சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட். கணினி ஓடும்போது சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரையும் இருக்கலாம். இதைத் தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றுங்கள். மதர்போர்டில் உருளையான கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டே போகும் நிலையில் இருக்கிறது; மேலே படிப்பதை நிறுத்தி முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். காற்றில் மரம் சாய்ந்து லைனில் அழுத்தம் ஏறி இறங்கும் நாட்களில்தான் விழுகிறது என்று உங்கள் நோட்டு சொன்னால், யூபிஎஸ் பேட்டரியைச் சோதியுங்கள்.

பொத்தான் பேட்டரியை மறக்க வேண்டாம். 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி 1980-க்கோ வேறு ஏதோ பழைய ஆண்டுக்கோ போய்விடும், பயாஸ் (மதர்போர்டின் தொடக்க நிரல்) அமைப்புகளும் அழியும். கணக்கு நிரல் தேதியைப் பார்த்துத் திகைத்து நிற்பதைப் பலர் விண்டோஸின் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டியின் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அளவே. ஃபேன் அள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறையும். குளிர் அதை ஈடுகட்டிவிடும் என்றாலும், பாதி செத்த பிராசஸர் ஃபேன் இங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். உயரத்தால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்பதில் உண்மையில்லை. வழக்கமான டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

கூடுதல் ராமும் புதிய டிஸ்கும் தரும் தொல்லை

வேறு கணினிகளில் கழற்றிய ராமை நல்லெண்ணத்தில் சேர்த்துச் செருகியிருப்பார்கள். 512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 98 தடுமாறும். 'நினைவகம் போதவில்லை' என்றுகூடச் சொல்லும். டிஸ்கில் படித்ததை ராமில் வைத்துக்கொள்ளும் டிஸ்க் கேஷ் தனக்கென்று முகவரி இடத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வதுதான் காரணம். கூடுதல் துண்டைக் கழற்றுவதே எளிது. முடியாவிட்டால் சிஸ்டம்.ஐஎன்ஐ (system.ini) கோப்பில் விகேஷ் ([vcache]) பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144 (MaxFileCache=262144) என்று எழுதி மறுபடி தொடங்குங்கள். அதைப்போலவே, செத்த டிஸ்குக்குப் பதிலாக 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கைப் போட்டால் அந்த எல்லையைத் தாண்டி எழுதும்போது டேட்டா கெடும். சிறிய டிஸ்கே போதும்.

சேஃப் மோட் என்ன சொல்கிறது

கணினி தொடங்கும்போது கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். மூன்றாவது வரி சேஃப் மோட். அதில் 16 வண்ணத் திரையும் குறைந்தபட்ச டிரைவர்களும் மட்டுமே ஏறும். சிடி டிரைவும் நெட்வொர்க்கும் இருக்காது. வழக்கமாக விழும் வேலையை அங்கே செய்துபாருங்கள். அங்கேயும் விழுந்தால் வன்பொருளோ அடிப்படைக் கோப்புகளோ காரணம். அங்கே நன்றாக ஓடினால் ஏதோ ஒரு டிரைவர், அல்லது தொடக்கத்திலேயே தானாக ஏறும் ஒரு நிரல்.

தானாக ஏறுபவற்றைப் பிரிக்க, ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தட்டி ஸ்டார்ட்அப் தாவலுக்குப் போங்கள். சிஸ்டம் ட்ரே, ஸ்கேன் ரெஜிஸ்ட்ரி இரண்டையும் விட்டுவிட்டு, மற்றவற்றில் பாதியின் குறியை எடுங்கள். தொல்லை போனால் எடுத்த பாதியில் குற்றவாளி இருக்கிறது; போகாவிட்டால் மீதிப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் 16 நிரல்கள் இருந்தாலும் நாலு முறை ரீஸ்டார்ட்டில் ஒன்றில் வந்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை நோட்டில் எழுதுங்கள். விண்டோஸ் 95-இல் இந்தக் கருவி கிடையாது; ஸ்டார்ட்அப் கோப்புறையையும் வின்.ஐஎன்ஐ கோப்பின் லோட், ரன் வரிகளையும், ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தொகுப்பின்) ரன் பகுதியையும் கையால் பார்க்க வேண்டும்.

டிஸ்ப்ளே டிரைவர் மேல் சந்தேகம் வந்தால் கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம், பெர்ஃபார்மன்ஸ், கிராஃபிக்ஸ் என்று போய் 'ஹார்டுவேர் ஆக்ஸலரேஷன்' தள்ளுகோலை இடதுபக்கம் ஒரு படி நகர்த்திப் பாருங்கள். அதன் பிறகு விழாமல் ஓடினால் கோளாறு டிரைவரில்தான்.

சிஸ்டம் ரிசோர்ஸ்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ராம் நிறைய இருக்கும், ஆனால் நாலைந்து நிரல்கள் திறந்ததும் ஐகான்கள் கறுப்பாகும், மெனு பாதி வரைந்து நிற்கும், பிறகு எல்லாம் விழும். யூசர், ஜிடிஐ என்ற இரண்டு பகுதிகளும் பழைய 16 பிட் காலத்திலிருந்து வந்த 64 கேபி கிடங்குகளை இன்னும் நம்பியிருக்கின்றன. திறக்கும் ஒவ்வொரு ஜன்னலும் ஐகானும் எழுத்துருவும் அதில் ஓர் இடத்தைப் பிடிக்கும். எத்தனை எம்பி ராம் சேர்த்தாலும் இந்தக் கிடங்குகள் பெரிதாகாது.

அக்சஸரீஸ், சிஸ்டம் டூல்ஸ் பகுதியில் உள்ள ரிசோர்ஸ் மீட்டரை ஓடவிடுங்கள். அங்கே இல்லையென்றால் ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸில் விண்டோஸ் செட்டப் வழியாகச் சேர்க்கலாம். கணினி தொடங்கியதும் 80 சதவீதத்துக்கு மேல் காலியாக இருப்பது நல்லது. 20-க்குக் கீழே போனால் வேலையைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எந்த நிரல் விழுங்குகிறது என்று பார்க்க, அதைத் திறந்து மூடி எண்ணைக் குறியுங்கள். முதல் முறை கொஞ்சம் இறங்குவது இயல்பு. மூன்றாவது, நான்காவது முறையும் மூடிய பின் இறங்கிக்கொண்டே போனால் அந்த நிரல் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை. அதை மாற்ற முடியாது. மதியம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதை அலுவலக வழக்கமாக்கிவிடுங்கள். எடைமேடைக் கணினியை மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுபவர்களும் கவனிக்க: திருத்தம் போடாத விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாளில் உறைந்துபோகும். மில்லிசெகண்டுகளை எண்ணும் 32 பிட் கணக்கு அன்றைக்கு நிரம்பிவிடுகிறது.

டிஸ்கும் ரெஜிஸ்ட்ரியும்

சி டிரைவில் 200 எம்பியாவது காலியாக இருக்கட்டும். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பு அங்கேதான் வளர்கிறது. இடமில்லாமல் போனால் சம்பந்தமே இல்லாத நிரல் விழும். டெம்ப் கோப்புறையைக் காலி செய்து, டிஸ்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்கை 'தரோ' வகையில் ஓட்டுங்கள். அது பிழையில்லை என்று சொன்ன பிறகே, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக். கெட்ட செக்டர்கள் பெருகினால் அந்த டிஸ்கில் இனி எதையும் சரிசெய்ய வேண்டாம், நகலெடுத்து மாற்றுங்கள்.

நேற்று வரை ஓடியது, ஏதோ நிறுவியதும் கெட்டது என்றால் டாஸுக்குப் போய் ஸ்கேன்ரெக் /ரீஸ்டோர் (scanreg /restore) கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸ் 98 தினமும் ஒன்றாகக் கடைசி ஐந்து ரெஜிஸ்ட்ரி நகல்களை வைத்திருக்கும். நன்றாக இருந்த தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். அடிப்படைக் கோப்புகளைச் சோதிக்க ரன் பெட்டியில் எஸ்எஃப்சி (sfc) என்று தட்டுங்கள். அது கேட்கும் நிறுவல் கோப்புகளுக்காக, சிடி நன்றாக இருக்கும்போதே அதன் வின்98 கோப்புறையை ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். 200 எம்பிக்குள் அடங்கும். பூஞ்சை பிடித்த சிடியோடு போராடும் வேலை மிச்சம்.

அச்சகங்களுக்கு: எழுத்துருவும் பிரிண்டரும்

மாட்யூல் பெயர் ஜிடிஐ என்று வந்து, தமிழ் வேலை திறக்கும்போது மட்டும் விழுந்தால் எழுத்துருவைப் பாருங்கள். வருபவர் கொண்டுவரும் ஃப்ளாப்பியிலிருந்தெல்லாம் எழுத்துருக்களை நிறுவி நிறுவி எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும். விண்டோஸ் 98 அவற்றின் பட்டியலை ரெஜிஸ்ட்ரியில் ஒரே இடத்தில் வைக்கிறது. ஆயிரத்தை நெருங்கும்போது அந்த இடம் நிரம்பும். முந்நூறுக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாதியை வேறு கோப்புறைக்கு நகர்த்தி, முன்பு சொன்ன அதே முறையில் கெட்ட எழுத்துருவைத் தேடுங்கள். விண்டோஸ் கோப்புறையில் மறைந்திருக்கும் டிடிஎஃப்கேஷ் (ttfCache) கோப்பை டாஸிலிருந்து அழித்துவிட்டால், அடுத்த தொடக்கத்தில் விண்டோஸ் அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். எழுத்துருக் கோப்புகளை மட்டும் நிரந்தரமாக அழிக்காதீர்கள். அந்தக்கால வேலைகள் யூனிகோடில் இல்லை. எழுத்துரு போனால் பத்திரிகை முழுக்கப் புரியாத குறிகளாகிவிடும்.

பேஜ்மேக்கர் திறக்கும்போதே விழுந்தால், டீஃபால்ட் பிரிண்டரை வேறொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். பக்கம் அமைக்கும்போதே அது பிரிண்டர் டிரைவரிடம் கேட்கிறது. அடுத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் தேங்கிய கோப்புகளை அழியுங்கள். 6.5 பதிப்பில் பிஎம்65.சிஎன்எஃப் (PM65.CNF) என்ற அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றினால் நிரல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். வேலையைச் சேமிக்கும்போது அவ்வப்போது 'சேவ் ஆஸ்' பயன்படுத்துங்கள். வெறும் 'சேவ்' கோப்பை வீங்கவைக்கும்.

டாஸ் கணக்கு நிரல்கள்

பழைய கணினி செத்து, அதைவிட வேகமானதற்கு மாற்றியதும் ஃபாக்ஸ்புரோ 'டிவைட் பை ஜீரோ' என்று நின்றால் நிரலில் எதுவும் கெடவில்லை. தொடங்கும்போது பிராசஸரின் வேகத்தை அளக்கும் ஒரு சுற்று, வேகம் கூடியதால் பூஜ்ய நேரத்தில் முடிந்துவிடுகிறது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதியவை 'ரன்டைம் எர்ரர் 200' என்று நிற்பதும் பிராசஸரின் வேகம் கூடியதால்தான். இரண்டுக்கும் திருத்தக் கோப்புகள் உண்டு. கோப்புகள் அதிகம் திறந்துவிட்டன என்ற செய்தி வந்தால் கான்ஃபிக்.சிஸ் (config.sys) கோப்பில் ஃபைல்ஸ்=60 (FILES=60) என்று வையுங்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு கணக்குக் கோப்பு திறக்கவில்லை என்றால், முதலில் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். நகலில்தான் இண்டெக்ஸை (கணக்கு வரிகளைத் தேட உதவும் அட்டவணைக் கோப்பை) மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். 'பேக்' கட்டளை அழிப்புக்குறி போட்ட வரிகளை நிரந்தரமாக நீக்கிவிடும். மூலக் கோப்பில் அதைக் கொடுக்கவே கூடாது.

சரியான பிறகு

கணினி ஒரு வாரம் விழாமல் ஓடியதும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி-ஐடிஇ அடாப்டர் வழியாகப் புதிய கணினியில் முழு டிஸ்கையும் இமேஜாக (ஒரே கோப்பில் அடங்கும் நகலாக) எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இணையத்தில் இணைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையோடு விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. சிஆர்2032 இரண்டு, சோதித்த ராம் துண்டு ஒன்று, ஓடும் எஸ்எம்பிஎஸ், ஐடிஇ கேபிள், பூட் ஃப்ளாப்பி எல்லாம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் கணினியைப் போட்டுவையுங்கள். இடி இடிக்கும்போது மெயின் பிளக்கோடு டெலிபோன், நெட்வொர்க் கம்பிகளையும் பிடுங்க வேண்டும்.

அந்த இமேஜைக் கொண்டு புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர் விண்டோஸ் 98 அமைக்கலாம். டாஸ் கணக்குக்கு, டாஸ் நிரல்களைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் போதும். இரண்டு இடங்களில் தடை வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு மெய்நிகர்க் கணினிக்குப் பெரும்பாலும் தெரியாது, அது இல்லாமல் எழுத்துருத் தொகுப்பு திறக்காது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பழைய பில் படிவத்தின் கட்டங்களுக்குள் எழுத்து சரியாக விழாமல் போகலாம். ஒரு முழு மாத இலைக் கணக்கைப் பழையதிலும் புதியதிலும் இணையாகப் போட்டு, இரண்டு அச்சுப்பிரதியும் வரிக்கு வரி ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்துங்கள்.